வுட் ஸ்டவ் புகை வாடை: ஸ்ப்ரேல ஆரம்பிச்சு சிம்னி க்ளீனிங் சர்வீஸ் வரைக்கும், எங்க வீட்டு அனுபவம்

எங்க வீட்டு ஹால்ல விறகு எரிக்கிற ஹீட்டர் ஸ்டவ் இருக்கு, கண்ணாடி கதவு போட்டது, மேல பைப் போய் சிம்னியோட சேரும். குளிர்காலம் முழுக்க அதுதான் எங்களுக்கு சூடு. ரெண்டு வருஷமா வீட்டுல புகை வாடை போகவே மாட்டேன்னுச்சு, அதை போக்குறதுக்கு என்னென்ன வாங்கினோம், எது வேலை செஞ்சுது எது செய்யல, கடைசில கூப்பிட்ட சிம்னி க்ளீனிங் சர்வீஸ் எப்படி இருந்துச்சுன்னு எல்லாத்தையும் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், இதே தொல்லைல இருக்கிறவங்க பொறுமையா படிங்க.

ஸ்டவ் எரியும்போது வர்ற வாடைய பத்தி நான் பேசல, அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எங்களுக்கு இருந்தது அடுப்பே பத்த வைக்காத நாள்ல வர்ற வாடை. மூணு வாரமா ஒரு சுள்ளி கூட எரிக்கல, வெளிய மழை, காலைல ஹாலுக்கு வந்தா தண்ணி ஊத்தி அணைச்ச கரிக்கட்டை மாதிரி ஒரு நெடி, தொண்டைல கமறுது. அந்த வீட்டுலயே இருக்கிறவங்களுக்கு மூக்கு பழகிடும், அதனால ரொம்ப நாள் நான் இதை பெருசா எடுத்துக்கல. ஒரு நாள் பாப்பா ஸ்கூல்ல இருந்து வந்து ஸ்வெட்டரை கழட்டி கைல வச்சுக்கிட்டு, "அம்மா, என் ஸ்வெட்டர் புகை நாத்தம் அடிக்குதாம், க்ளாஸ்ல ஒரு பொண்ணு பக்கத்துல உட்காரமாட்டேன்னு சொல்லிட்டா"ன்னு சொன்னப்பதான் எனக்கு சுருக்குன்னுச்சு. துவைச்சு ஒரு நாள்தான் ஆச்சு அந்த ஸ்வெட்டர். முகத்துகிட்ட வச்சு மோந்து பார்த்தா நிஜமாவே அடிக்குது.

அதுக்கப்புறம் கைக்கு கிடைச்சதெல்லாம் வாங்கினோம். ரூம் ஸ்ப்ரே, வாசனை ஜெல் எல்லாம் அரை மணி நேரத்துக்குதான், அப்புறம் பூ வாசனையும் கரி வாடையும் ஒண்ணா கலந்து முன்ன இருந்ததை விட மோசமா ஆகிடும், தலைவலி வேற. அதை பத்தி இதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல, வாங்காதீங்க.

ஓசோன் மெஷின் வச்சு வாடை எடுக்குறோம்னு ஒரு கம்பெனி வந்தாங்க, பேர் சொல்ல விரும்பல. ஒரு நாள் முழுக்க எங்களை வெளிய அனுப்பிட்டு மெஷினை ஓட விட்டாங்க. திரும்பி வந்தப்ப புகை வாடை இல்லதான், ஆனா மின்னல் வெட்டின பிறகு வருமே அந்த மாதிரி ஒரு காரமான வாடை, அத்தைக்கு ஏற்கனவே மூச்சு தொந்தரவு உண்டு, அன்னிக்கு ராத்திரி முழுக்க இருமிக்கிட்டே இருந்தாங்க. நாலாவது நாள் மழை பெஞ்சுது, பழைய நெடி அப்படியே திரும்ப வந்துடுச்சு. போன் பண்ணி கேட்டா "இன்னொரு தடவை பண்ணணும் மேடம்"னாங்க. அப்புறமா படிச்சு பார்த்தா ஓசோன்ங்கிறது நுரையீரலை எரிச்சல் பண்ற வாயு, மனுஷனுக்கு பாதகமில்லாத அளவுல வச்சா வாடைய சரியா எடுக்காது, வாடை போற அளவுக்கு வச்சா அந்த ரூம்ல ஆள் இருக்கவே கூடாது. ஆஸ்துமா இருக்கிறவங்க வீட்டுல இதை செய்யவே செய்யாதீங்க, இதை நான் ரொம்ப அழுத்தமா சொல்றேன். எங்ககிட்ட வந்தவங்க வீட்டுல யாருக்காவது மூச்சு பிரச்சனை இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்கல.

அடுத்து ஏர் பியூரிஃபையர். முதல்ல வாங்கினது ஹெப்பா ஃபில்டர் போட்டது, கூட கார்பன் ஃபில்டரும் இருக்குன்னு அட்டைப்பெட்டில போட்டிருந்துச்சு. ஹெப்பாங்கிறது தூசி, புகைத்துகள் பிடிக்கிறதுல கெட்டி, 0.3 மைக்ரான் அளவு துகள்ல 99.97 சதவீதம் பிடிக்கும்ங்கிறதுதான் அதோட தரக்கணக்கு. ஆனா வாடைங்கிறது பெரும்பாலும் வாயு, அது ஹெப்பா வழியா சாதாரணமா போயிடும். மரத்துல லிக்னின்னு ஒரு பொருள் இருக்கு, அது சூட்டுல உடையும்போது குவாயகால், சிரிங்கால்னு பீனால் வகை பொருள்லாம் வருது, நம்ம "புகை வாடை"ன்னு சொல்றதுல பெரும் பங்கு அதுதான். அதை பிடிக்கணும்னா ஆக்டிவேட்டட் கார்பன் வேணும், அதுவும் நிறைய வேணும். என் மெஷின்ல இருந்த கார்பன் ஃபில்டரை கழட்டி பார்த்தேன், மெல்லிசா ஒரு கருப்பு ஸ்பான்ஜ், அவ்ளோதான். மூணே வாரத்துல அந்த ஸ்பான்ஜே புகை வாடை அடிக்க ஆரம்பிச்சு, மெஷினை போட்டா வாடை வெளிய வந்துச்சு.

ரெண்டாவதா வாங்கினதுல குருணை மாதிரி கார்பன் கிலோ கணக்குல அடைச்சிருக்காங்க, தூக்கினாலே வெயிட் தெரியும். நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கிராமுக்கு உள்ள இருக்கிற நுண்துளையெல்லாம் விரிச்சு போட்டா 1000 சதுர மீட்டர் கிட்ட வரும், அந்த பரப்பு மேலதான் வாடை மூலக்கூறு எல்லாம் ஒட்டிக்கும், அதனால கார்பன் எத்தனை கிராம் இருக்குங்கிறதுதான் முக்கியம், பெட்டி மேல போட்டிருக்கிற படம் இல்ல. இது நிஜமாவே வித்தியாசம் காட்டுச்சு. ஆனா மெஷினை நிறுத்தி ரெண்டு மணி நேரத்துல வாடை திரும்ப வந்துடும். ஊத்து எங்கயோ இருக்கு, நான் இங்க ஒரு சொம்பை வச்சு இறைச்சுக்கிட்டு இருக்கேன்னு அப்பதான் புரிஞ்சுது.

அந்த நேரத்துலதான் சிம்னி க்ளீனிங் ஆளை கூப்பிட்டோம். ஸ்டவ் வச்ச வீட்டுல வருஷத்துக்கு ஒரு தடவையாவது சிம்னியை செக் பண்ணணும்னு சொல்லுவாங்க, நாங்க நாலு வருஷமா பண்ணல. வீடு வாங்கும்போது "இப்பதான் க்ளீன் பண்ணோம்"னு பழைய ஓனர் சொன்னதை நம்பிட்டோம்.

வந்தவருக்கு அறுபது வயசு இருக்கும், கூட ஒரு சின்ன பையன். சொன்ன நேரத்தை விட ஒன்றரை மணி நேரம் லேட், ஒரு போன் கூட இல்ல, அது எனக்கு பிடிக்கல. ஆனா வேலைன்னு பார்த்தா அவர் மாதிரி நிதானமா யாரும் செஞ்சு நான் பார்த்ததில்ல. வந்ததும் பிரஷ்ஷை எடுக்கல. முதல்ல ஒரு நாற்காலிய இழுத்து போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார், எப்ப வாடை வருது, மழைலயா வெயில்லயா, கிச்சன் ஃபேன் ஓடும்போதா, விறகு எங்க அடுக்கி வைக்கிறீங்க, ராத்திரி எப்படி எரிக்கிறீங்கன்னு. எங்க வீட்டுக்காரர், "படுக்கும்போது நாலு பெரிய கட்டை போட்டு காத்து வர்ற வழிய மொத்தமா மூடிடுவேன், காலைல வரைக்கும் கங்கு இருக்கும்"னு பெருமையா சொன்னார். அவர் தலைய ஆட்டிக்கிட்டு, "அப்ப மேல என்ன இருக்குன்னு பார்க்காமயே சொல்லிடலாம் சார்"னார்.

அப்புறம் ஒரு ஊதுபத்திய கொளுத்தினார். ஸ்டவ் கதவை லேசா திறந்து அந்த இடுக்குகிட்ட பிடிச்சார், புகை நேரா மேல போச்சு, கொஞ்சம் ஸ்டவ் பக்கம் சாய்ஞ்சுது. "இப்ப போய் கிச்சன் எக்ஸாஸ்ட் போடுங்க"ன்னார். போட்டேன். திரும்பி வந்து பார்க்கிறேன், அந்த நூல் மாதிரி இருந்த புகை அப்படியே மடங்கி என் முகத்தை பார்த்து வருது, கூடவே அந்த நெடி, ரெண்டு வருஷமா நான் தேடின அதே நெடி. எக்ஸாஸ்ட் ஃபேன் வீட்டுக்குள்ள இருக்கிற காத்தை வெளிய தள்ளுது, அந்த அளவு காத்து எங்கிருந்தாவது உள்ள வந்தாகணும், ஜன்னல் எல்லாம் இறுக்கி மூடியிருக்கு, வீட்டுல திறந்திருக்கிற ஒரே பெரிய ஓட்டை சிம்னி, அதனால சிம்னி வழியா காத்து கீழ இறங்குது, வரும்போது உள்ள ஒட்டியிருக்கிற தாரோட வாடையையும் சேர்த்து கொண்டு வருது. துணி காய வைக்கிற மெஷின் காத்தை வெளிய தள்ளுற மாதிரி இருந்தா அதுவும் இதே வேலைய பண்ணும்னார். வெயில் காலத்துல வெளிய சூடு, வீட்டுக்குள்ள குளிர்ச்சின்னா சிம்னில காத்து தானாவே தலைகீழா இறங்கும், அதான் சில வீட்டுல வெயில் நாள்ல கூட கரி வாடை வரும், மழை ஈரம் சேர்ந்தா இன்னும் தூக்கும். அந்த ரெண்டு நிமிஷத்துக்கே அவருக்கு கொடுத்த காசு தகும்.

அடுத்து கேமராவை பைப்புக்குள்ள விட்டு எங்ககிட்ட ஸ்க்ரீனை காட்டினார். கீழ பாதில வெறும் கரித்தூள், கை பட்டா உதிர்ற மாதிரி. மேல போக போக செதில் செதிலா, உச்சிகிட்ட கண்ணாடி மாதிரி பளபளன்னு கருப்பா ஒட்டியிருக்கு. இதுக்கு பேர் கிரியோசோட், மரப்புகைல இருக்கிற தாரும் ஈரமும் குளிர்ந்த பைப் சுவர்ல படிஞ்சு கெட்டியாகுறது. புகை சிம்னிய விட்டு வெளிய போற வரைக்கும் 120 டிகிரி செல்சியஸுக்கு மேலயே இருந்தா படியறது ரொம்ப கம்மி, காத்தை மூடி ராத்திரி முழுக்க புகைய விட்டா சூடு இல்லாத புகை மெதுவா மேல ஏறி எல்லாம் அங்கயே படியும். 3 மில்லிமீட்டர் கனம் சேர்ந்தாலே க்ளீன் பண்ணியாகணும், இல்லன்னா அது சிம்னிக்குள்ளயே தீ பிடிக்கலாம். எங்களுது மேல பக்கம் அதை விட ஜாஸ்தி. வாடைக்காக கூப்பிட்டோம், கேட்டதுக்கப்புறம் எனக்கு கை கால் நடுங்கிடுச்சு. பாப்பா ரூம் சுவரை ஒட்டித்தான் அந்த சிம்னி போகுது.

க்ளீனிங் ரெண்டரை மணி நேரம் ஆச்சு. தரை முழுக்க துணி விரிச்சு, ஸ்டவ் வாயை பிளாஸ்டிக் ஷீட் வச்சு டேப் போட்டு ஒட்டி, வாக்யூமை ஓட விட்டு, அதுக்கப்புறம்தான் வளையுற கம்பில பிரஷ் மாட்டி கீழ இருந்து மேல விட்டார். எங்க பைப்புக்குள்ள ஸ்டீல் லைனர், அதாவது உள்பக்க ஸ்டீல் குழாய் இருக்கு, அதனால கம்பி பிரஷ் போடக்கூடாது கீறிடும், பிளாஸ்டிக் பிரஷ்தான்னு சொல்லி எடுத்து காட்டினார். ஹால்ல ஒரு பொட்டு கரி விழல, இதை பாராட்டியே ஆகணும். மேல ஏறி பார்த்த பையன் சிம்னி மூடில இருக்கிற கம்பி வலை பாதி அடைஞ்சு கிடக்குன்னு கழட்டி கொண்டு வந்தான், அதுவும் புகை சரியா போகாததுக்கு ஒரு காரணம். கடைசில வாளிய என்கிட்ட காட்டினாங்க. முக்கால் வாளி. மேல கிடந்த ஒரு துண்டை எடுத்து பார்த்தேன், விரல் நகம் அளவுக்கு, ஒரு பக்கம் சொரசொரன்னு மறுபக்கம் வழவழன்னு, கைய ரெண்டு தடவை சோப்பு போட்டு கழுவியும் சாயங்காலம் வரைக்கும் அந்த வாடை விரல்ல நின்னுச்சு.

கண்ணாடி மாதிரி ஒட்டியிருந்தது முழுசா வரல. அதுக்கு ஒரு பவுடர் மருந்து போட்டு பொறுபொறுன்னு ஆக்கிட்டு திரும்ப வந்துதான் எடுக்கணும்னார், மூணு வாரம் கழிச்சு வந்து எடுத்தார். இதை போன்ல புக் பண்ணும்போதே, ரெண்டு தடவை வர வேண்டியிருக்கலாம்னு சொல்லியிருக்கலாம். இன்னொரு குறை, கேமரால எடுத்த படத்தையும் ரிப்போர்ட்டையும் நானா ரெண்டு தடவை கேட்டு வாங்கினேன். இது வீட்டு இன்சூரன்ஸுக்கு தேவைப்படலாம், கேட்காமயே கொடுக்கணும்.

கிளம்புறதுக்கு முன்னாடி அவர் சொன்ன ஒரு விஷயத்தை எல்லாரும் கேளுங்க. "வாடை வீட்டுக்குள்ள வருதுன்னா புகை வர்றதுக்கும் வழி இருக்குன்னு அர்த்தம், புகை வந்தா கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயுவும் வரும், அதுக்கு வாடையே கிடையாது." எங்க வீட்டு சிஓ அலாரத்தை, அதாவது கார்பன் மோனாக்சைடு வந்தா சத்தம் போடுற அலாரத்தை, திருப்பி பின்னாடி இருந்த தேதிய பார்த்தார், காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டிடுச்சு. பட்டனை அழுத்தினா சத்தம் வருது, அதனால நல்லா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். பட்டன் சத்தம் வர்றதுக்கும் உள்ள இருக்கிற சென்சார் நல்லா இருக்கிறதுக்கும் சம்பந்தமில்லயாம். அன்னிக்கே புதுசு வாங்கி மாட்டினோம்.

அவர் சொல்லி வாங்கின ரெண்டு சின்ன பொருளையும் சொல்லிடுறேன். ஒண்ணு கதவு கயிறு, அதாவது ஸ்டவ் கதவை சுத்தி இருக்கிற ஃபைபர் கிளாஸ் கயிறு. ஒரு பேப்பரை கதவு இடுக்குல வச்சு மூடி இழுத்து பாருங்க, சுலபமா உருவி வந்துச்சுன்னா அந்த இடத்துல கயிறு அமுங்கி செத்து போச்சு. எங்களுக்கு கீல் பக்கம் அப்படியே வந்துடுச்சு. மாத்துறது கஷ்டமில்ல, பழசை பிடுங்கி, பள்ளத்தை நல்லா சுரண்டி, சூடு தாங்குற பசை போட்டு புதுசை அழுத்தணும். ஆனா கயிறு கனத்தை சரியா அளந்து வாங்குங்க, நான் முதல்ல கொஞ்சம் தடிமனா வாங்கிட்டேன், கதவே பூட்டல. முதல் தடவை எரிக்கும்போது பசை காயுற வாடை வரும், ஜன்னலை திறந்து வச்சுக்கோங்க, மறுநாள் இருக்காது.

ரெண்டாவது ஈரம் பார்க்கிற மீட்டர், ரெண்டு ஊசி இருக்கும், மரத்துல குத்தினா எத்தனை சதவீதம் ஈரம்னு காட்டும். விறகு 20 சதவீதத்துக்கு கீழ இருக்கணும். எங்க அடுக்குல ஒரு கட்டைய எடுத்து வெளிப்பக்கம் குத்தினேன், 16 காட்டுச்சு, சந்தோஷமா வச்சுட்டேன். வீட்டுக்காரர் அதே கட்டைய ரெண்டா பிளந்து பிளந்த முகத்துல குத்தினார், 31. "காய்ஞ்ச விறகு"ன்னு சொல்லி வித்தது அது. அத்தனை ஈரத்தையும் ஆவியாக்கவே தீயோட சூடு செலவாகுது, மிச்சம் புகையும் தாரும்தான். கடினமான மரம்னா பிளந்து அடுக்கி ஒரு வருஷம், சில மரத்துக்கு ரெண்டு வருஷம் கூட ஆகும். இந்த மீட்டரை மட்டும் வாங்க சொல்லுவேன், எல்லாத்துலயும் விலை கம்மி இதுதான், எல்லாத்தையும் விட அதிகமா வேலை செஞ்சதும் இதுதான்.

எரிக்கிற விதத்தையும் மாத்திட்டோம். ராத்திரி காத்தை மொத்தமா மூடுறதில்ல, சின்னதா பிரகாசமா எரிச்சு அணைய விட்டுடுறோம், காலைல புதுசா பத்த வைக்கிறோம், வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் இதுல வருத்தம்தான். கதவை திறக்கறதுக்கு முன்னாடி காத்து வழிய முழுசா திறந்து, கதவை ஒரு விரல் அளவு விலக்கி கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் மெதுவா திறக்கணும், படார்னு இழுத்தா புகை ஹாலுக்குள்ள கொட்டும். கிச்சன் ஃபேன் போட்டா பக்கத்து ஜன்னலை ரெண்டு விரல் திறந்து வைக்கிறோம். இந்த ஜன்னல் விஷயம் காசே இல்லாத வைத்தியம், இன்னிக்கே செஞ்சு பாருங்க.

சிம்னி சுத்தமானதும் வீட்டு வாடை மறுநாளே போயிடும்னு நினைக்காதீங்க, போகாது. திரைச்சீலை, கம்பளம், மெத்தை, சுவர் எல்லாத்துலயும் ஏறியிருக்கும். சுவரை துடைக்கும்போது எடுத்த எடுப்புல ஈரத்துணி போடாதீங்க, கரி ஈரத்துல இழுபட்டு சுவர்ல இறங்கிடும், முதல்ல வாக்யூம் இல்லன்னா கரி துடைக்கிற காய்ஞ்ச ரப்பர் ஸ்பான்ஜ், அப்புறம்தான் சோப்பு தண்ணி, அதுவும் கீழ இருந்து மேல, இல்லன்னா வழிஞ்ச கோடு நிக்கும். திரைச்சீலைய பேக்கிங் சோடா போட்டு ரெண்டு தடவை துவைச்சேன், புகைல இருக்கிற அமில வாடைய அது நல்லா எடுக்குது, தார் வாடைய பாதிதான் எடுக்குது. இந்த கட்டத்துலதான் அந்த கனமான கார்பன் மெஷின் நிஜமா கை கொடுத்துச்சு, புதுசா வாடை வர்றது நின்னதால பழசை கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி எடுத்துச்சு, அஞ்சு வாரத்துல ஹால் ஹாலா ஆச்சு.

ரேட்டிங் கேட்டா சிம்னி சர்வீஸுக்கு அஞ்சுக்கு நாலு, லேட்டா வந்ததுக்கும் ரிப்போர்ட்டுக்கு அலைய விட்டதுக்கும் ஒண்ணு குறைச்சுட்டேன். கனமான கார்பன் பியூரிஃபையருக்கு மூணரை, மெல்லிசு ஸ்பான்ஜ் மெஷினுக்கு ஒண்ணு, ஈர மீட்டருக்கும் கதவு கயிறுக்கும் அஞ்சு. ஓசோன் மெஷினுக்கு ரேட்டிங்கே கொடுக்க மாட்டேன்.

போன வாரம் மூணு நாள் விடாம மழை. காலைல எழுந்து முதல் வேலையா ஸ்டவ்கிட்ட போய் குனிஞ்சு மோந்து பார்த்தேன், கதவுகிட்ட லேசா இருக்கு, ரெண்டடி தள்ளி நின்னா இல்ல. பழைய சோஃபால மட்டும் தலைய சாய்ச்சா இன்னும் தெரியுது, உறைய மாத்தி பார்க்கணும். பாப்பா ஸ்வெட்டரை தினமும் மோந்து பார்த்துட்டுதான் ஸ்கூலுக்கு போட்டுவிடுறேன், இப்ப சோப்பு வாசனைதான் வருது.